கல்பனாவின் பெயரில் பேசியவள்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், குடிபாலாவைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது ஸ்வர்ணலதாவின் ஊர். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பு தெலுங்கு, ஆசை மட்டும் இங்கிலீஷ் மேல். அவளுடைய அப்பா நாகேந்திரனுக்கு இளவயதில் கையளவு நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டினார். பிறகு அரசாங்கம் கொடுத்த துண்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டார். மாங்காய் சீசன் வந்துவிட்டால் அவரும் அம்மா செங்கம்மாவும் பக்கத்திலிருந்த ஜூஸ் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போவார்கள். அவர் லாரியிலிருந்து பழம் இறக்குவார், அம்மா பழம் அறுப்பாள். சீசன் முடிந்து மழை வந்து, தீபாவளியும் நெருங்கிய பிறகுதான் கூலி முழுசாகக் கைக்கு வரும். ஏன் இப்படி என்று சின்ன வயதில் அவள் கேட்டபோது, பழக்கூழ் எல்லாம் டின்னில் அடைத்து கொடவுனில் இருக்கிறது, அது விற்றால்தான் முதலாளிக்கே காசு என்று நாகேந்திரன் சொல்லியிருக்கிறார்.

சித்தூரில் பி.காம். படித்தபோது ஹாஸ்டலுக்கு ஒரு இங்கிலீஷ் பேப்பர் வரும். முந்தின நாள் பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், காய்கிற துணிகளுக்கு நடுவே நின்று வியாபாரப் பக்கத்தை உரக்கப் படிப்பாள் ஸ்வர்ணலதா. சிரித்தவர்கள் சிரித்தார்கள். கடைசி வருடத்தில் அதே பெண்கள்தான் தங்கள் விண்ணப்பங்களை எழுதித் தரச் சொல்லி அவளைத் தேடி வந்தார்கள்.

எம்.பி.ஏ. படிக்கத் திருப்பதிக்கு வந்தபோது, பாலாஜி காலனியில் ஒரு தனியார் ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. அறையில் கூட இருந்தவள் கல்பனா. புத்தூர் பக்கத்துப் பெண், அவளும் வீட்டில் தமிழ்தான். சொந்த நிலம், கிணறு, கரும்பு என்று கொஞ்சம் வசதியான குடும்பம். கல்பனாவுக்கு எண்கள் என்றால் உயிர். ஒரு கம்பெனியின் வரவுசெலவுத் தாளை நீட்டினால், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இந்த ஒரு எண் மட்டும் ஒட்டவில்லையே என்று விரலை வைப்பாள். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் வாய் திறக்க மாட்டாள். தமிழிலேயே அளந்துதான் பேசுவாள். இங்கிலீஷில் எழுந்து நின்று பேச வேண்டும் என்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், கண் கலங்கிவிடும். வகுப்பில் கல்பனா கணக்குப் போட, ஸ்வர்ணலதா அதை எழுந்து விளக்க, இருவரும் இரண்டு வருடத்தை அப்படியே ஓட்டிவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம், படிப்பு முடிகிற சமயம். அமெரிக்கக் கம்பெனிகளுக்காக இங்கே உட்கார்ந்து கணக்கு அலசிக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையிலும் ஹைதராபாத்திலும் மளமளவென்று முளைத்த காலம் அது. ‘அனலிஸ்ட்’ என்ற சொல்லுக்கே ஒரு மவுசு இருந்தது. அப்படி ஒரு சென்னை நிறுவனம் திருப்பதிக்கு வந்து எழுத்துத் தேர்வு நடத்தியது. பத்தாவது, இன்டர் என்கிற பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் அறுபது சதவீதம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஸ்வர்ணலதா பத்தாவது படித்த வருடம் அவள் பள்ளியில் கணக்குக்கு வாத்தியாரே இல்லை. அவளுக்கு ஐம்பத்தேழுதான். இருந்தாலும் வரிசையில் போய் நின்றாள். மேஜையில் உட்கார்ந்திருந்தவர் சான்றிதழைப் பார்த்தார், அந்த ஒரு வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார், திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிந்துகூடப் பேசவில்லை. அவள் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, கல்பனா பரீட்சை எழுதிவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

கல்பனா தேர்வில் முதல் சிலருக்குள் வந்தாள். அடுத்தது போனில் நேர்காணல்.

அந்தச் சேதி வந்ததிலிருந்து கல்பனாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா செங்கல்வராயன் முன்பே சொல்லியிருந்தார்: படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தால் போகட்டும், இல்லாவிட்டால் ஆவணியில் நகரியிலிருக்கும் மாமன் மகனோடு கல்யாணம். மாமன் மகன் கெட்டவன் இல்லை. ஆனால் நாள் முழுக்க விசைத்தறி சத்தத்தில் கிடக்கும் அந்த வீட்டை நினைத்தால் கல்பனாவுக்கு மூச்சு முட்டியது. போனில் பேசி வேலையைக் கெடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவளுக்குப் பதிலாக ஸ்வர்ணலதா பேசுவது என்ற யோசனையை யார் முதலில் சொன்னது என்பதில் பின்னாளில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கல்பனா கெஞ்சிக் கேட்டதாக ஸ்வர்ணலதாவுக்கு நினைவு. ஸ்வர்ணலதாவே முன்வந்து சொன்னதாகக் கல்பனாவுக்கு நினைவு. எப்படியோ, அன்று அது பெரிய தப்பாக இருவருக்கும் படவில்லை. வகுப்பில் ஒருத்திக்காக இன்னொருத்தி ஆஜர் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

மற்ற பெண்கள் வெளியே போயிருந்த ஒரு காலை வேளையில் அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார்கள். கல்பனாவின் போன் ஸ்வர்ணலதாவின் காதில். எதிர்க் கட்டிலில் கல்பனா தன் சான்றிதழ்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேசியவர் பெயர் வரதராஜன், அந்த நிறுவனத்தில் ஒரு மேனேஜர். அவசரமில்லாத குரல். புத்தூரைப் பற்றிக் கேட்டார், படிப்பைப் பற்றிக் கேட்டார், பிறகு கணக்குக்குள் நுழைந்தார். ஒரு கம்பெனி நல்ல லாபம் காட்டுகிறது, ஆனால் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, அது எப்படி என்று கேட்டார். புத்தகத்தில் படித்த பதில் ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும். அன்று ஏனோ அது நாக்கில் வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாங்கூழ் ஃபாக்டரிகள் உண்டு என்று ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் வருடம் முழுவதற்கும் பழம் வாங்கிவிட வேண்டும், கூழ் டின்னில் உட்கார்ந்திருக்கும், கப்பல் ஏறினால்தான் பணம் வரும், அதுவரைக்கும் லாபம் என்பது கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிற லாபம், கூலிக்காரன் காத்திருக்க வேண்டியதுதான் என்று மடமடவென்று இங்கிலீஷில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் வரதராஜன் சிரித்தது கேட்டது. இந்தக் கேள்விக்கு இத்தனை நாளில் தான் கேட்ட நல்ல பதில் இதுதான் என்றார்.

போனை வைத்ததும் கல்பனா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஸ்வர்ணலதா முகம் கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். ஒரு மனிதர் தன்னைப் பெரிதாக மதித்துப் பேசியிருக்கிறார். அந்த மதிப்பு அவள் பெயரில் விழவில்லை. சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

கல்பனா சென்னைக்குப் போனாள். அங்கே நேரில் நடந்தது சான்றிதழ் சரிபார்ப்பும் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குத் தேர்வும் மட்டும்தான். அதில் அவளை யார் மிஞ்ச முடியும்? ஆவணிக் கல்யாணம் தள்ளிப்போனது. ஸ்வர்ணலதா திருப்பதியிலேயே, அதே ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு, ஒரு லாட்ஜுக்குக் கீழே இருந்த பங்கு வியாபாரக் கடையில் சேர்ந்தாள். வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு ஷேர் விலை சொல்கிற வேலை. நாகேந்திரன் ஊரில் யாராவது கேட்டால், மகள் ஷேர் கம்பெனியில் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் சொல்ல அதில் எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

தை பிறந்த சமயம் கல்பனாவிடமிருந்து போன் வந்தது. கம்பெனி பெரிதாகிறது, ஆள் போதவில்லை, அந்த அறுபது சதவீத நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வேலையில் இருப்பவர்கள் தெரிந்தவர்களைச் சொல்லலாமாம்.

“உன் பேர குட்த்துட்டேன்டி” என்றாள் கல்பனா.

போனில் யார் பேசுவார்கள் என்று ஸ்வர்ணலதா கேட்டாள். அதற்கெல்லாம் இப்போது வேறு ஆட்கள், வரதராஜன் சார் மேலே போய்விட்டார், அவர் போன் நேர்காணல் எடுப்பதில்லை என்று கல்பனா சொன்னாள். தனக்குத் தெரிந்த அளவில் உண்மையைத்தான் சொன்னாள்.

ஸ்வர்ணலதா வீட்டுக்குச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு நினைத்தாள். நாகேந்திரன் ஃபாக்டரி ஆட்கள் எல்லோரிடமும், மேஸ்திரியிடம்கூட, பாப்பாவுக்குச் சென்னையில் வேலை ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டார்.

நேர்காணல் அன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு, அதே ஹாஸ்டல் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மணி அடித்தது. பேச வேண்டியவர் திடீரென்று லீவில் போய்விட்டார், அதனால் நானே பேசுகிறேன் என்றது ஒரு குரல். வரதராஜன் என்று அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வழக்கமாக ஓடுகிற இங்கிலீஷை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். நன்றாகச் சொல்லத் தெரிந்த பதில்களையும் பாதியில் நிறுத்தினாள். தன்னைத் தானே மட்டமாகக் காட்டிக்கொண்டு ஒரு வேலையைக் கேட்க வேண்டியிருந்தது. பிறகு அந்தக் கேள்வியும் வந்தது: லாபம் இருக்கிறது, சம்பளத்துக்குப் பணமில்லை, எப்படி? கடனுக்கு விற்றிருக்கலாம், பாக்கி வராமல் இருக்கலாம் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னாள்.

பிறகு அவர் தமிழுக்கு மாறினார்.

“உங்களுக்கு எந்த ஊர்மா?”

“சித்தூர் பக்கம் சார்.”

“அங்க மாங்கூழ் ஃபாக்டரி நிறைய இருக்குமே?”

“இருக்கு சார்.”

“இதுக்கு முன்னாடி நீங்க என்கிட்ட பேசியிருக்கீங்களா?”

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதுதான் அவளை அதிகம் வருத்தியது. கோபித்திருந்தால் பதிலுக்கு வீம்பாவது வந்திருக்கும். ஆமாம் என்று சொன்னால் கல்பனாவின் வேலை போகும், அவள் நகரிக்குப் போவாள், அவளுடைய அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஒரு நொடிக்குள் இவ்வளவும் ஓடியது.

“இல்ல சார்.”

“ஒரு தடவைதான் கேப்பேன்.”

“இல்ல சார். பேசினதில்ல.”

அவர் மறுபடி இங்கிலீஷுக்குப் போய் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார்.

உடனே கல்பனாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்த அலுவலகத்தில் உள்ளே போகும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. தெரிந்தும் மறுபடி மறுபடி போட்டாள். அவர் கூப்பிட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு என்ற ஒரே ஒரு வாக்கியத்தை எப்படியாவது அங்கே கொண்டு சேர்க்க வேண்டும். சேர்க்க வழியில்லை. பொழுது சாயும்வரை அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

இருட்டுகிற வேளையில் கல்பனாவே கூப்பிட்டாள். மத்தியானம் வரதராஜன் சார் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார், உங்களுக்காகப் பேசியது யார் என்று கேட்டார். கல்பனா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்டி” என்றாள்.

“நான் இல்லன்னு சொன்னேன்.”

கல்பனா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வேலைக்கு வந்ததுலேர்ந்து பயந்துகினே இருந்தேன். மீட்டிங்கில யாராவது என்னப் பேசச் சொன்னா, இன்னிக்கு தெரிஞ்சிடும், இன்னிக்கு தெரிஞ்சிடும்னு. அவரு கேட்டதும் அப்படியே கொட்டிட்டேன். நீயும் சொல்லியிருப்பேன்னுதான் நெனச்சேன். நீதான எப்பவும் பேசறவ.”

“வேலைய வுட்டு எடுத்துட்டாங்களா?”

“இல்ல” என்றாள் கல்பனா. அதைச் சொல்லத்தான் அவளுக்கு அதிக நேரம் ஆனது. வேலை நன்றாகச் செய்கிறாய், கேட்டதும் உண்மையைச் சொன்னாய், இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். ஸ்வர்ணலதாவைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னாராம்: அந்தப் பெண் இரண்டு தடவையும் என்னிடம் பொய் சொன்னாள். இனி அந்தக் கம்பெனியில் அவள் பெயர் எடுபடாது.

ஸ்வர்ணலதாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? கல்பனாவைக் காப்பாற்றத்தான் அவள் பொய் சொன்னாள். அவள் உண்மை சொல்லியிருப்பாள் என்று நம்பித்தான் கல்பனா உண்மை சொன்னாள். ஒருத்தியிடம் இன்னொருத்தி ஒரு வார்த்தை கலந்து பேச முடியாமல் போனதுதான் நடந்தது. ஆனால் ஒருத்திக்கு வேலை இருக்கிறது, இன்னொருத்திக்குக் கெட்ட பெயர். கோபமா என்று கல்பனா கேட்டாள். “எதுனா துன்னியா நீ?” என்று கேட்டாள் ஸ்வர்ணலதா. இல்லை என்று அவள் சொன்னதும், போய்ச் சாப்பிடு என்று சொல்லி போனை வைத்தாள். கோபம் மறுநாள் காலையில் வந்தது. வந்தது நெடுநாள் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். எப்போது சேர வேண்டும் என்று நாகேந்திரன் கேட்டார். ஒளிக்காமல் சொன்னாள். செங்கம்மா கேட்டுவிட்டு, அந்தப் புத்தூர்ப் பெண் வாயில் மண் விழ என்று ஆரம்பித்தாள். நாகேந்திரன் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இதில் குற்றம் எங்கே என்று விளங்கவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு நீ நல்லதுதான செஞ்ச? அதுல இன்னா தப்பு?”

“தப்புதான் நைனா.”

அவர் அவளைப் பார்க்காமல் கேட்டார். “ஃபாக்டரி ஆளுங்க கேப்பாங்களே. நான் இன்னான்னு சொல்றது?”

அவளால் அங்கே உட்கார முடியவில்லை. மத்தியான பஸ்ஸுக்கே திருப்பதி திரும்பிவிட்டாள்.

அதன் பிறகு அவளுக்கு நேர்ந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசுவது ஸ்வர்ணலதாதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தன் பெயரைத் தானே சொல்வதில் என்ன தயக்கம்? மறுமுனையில் ஹலோ ஹலோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை பேச்சு வந்தது, ஆனால் திக்கித் திக்கி வந்தது. எந்தப் பதிலைச் சொன்னாலும், இதை முன்பே கேட்டிருக்கிறேனே என்று அந்தப் பக்கத்தில் யாரோ சொல்லப்போவது போலிருந்தது. கடையில் வாடிக்கையாளர்களிடம் தெலுங்கில் பேசும்போது ஒன்றும் இல்லை. நேர்காணல் என்ற பெயரோடு போன் அடித்தால்தான் பேச்சு திக்கியது. எழுந்து நின்று பேசக் கல்பனா பட்ட பாடு எப்படிப்பட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இரண்டாயிரத்து எட்டில் பங்கு விலைகள் சரிந்தன. கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்க வருவதை விட்டுவிட்டு, முதலாளியோடு சண்டை போட வந்தார்கள். முதலாளி ஒருநாள் ஷட்டரை இறக்கியவர் மறுபடி தூக்கவில்லை. ஸ்வர்ணலதா ஊரோடு வந்து இருந்தாள். அந்த சீசனில் அம்மாவோடு ஃபாக்டரிக்குப் பழம் அறுக்கப் போனாள். நாகேந்திரன் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். எம்.பி.ஏ. படித்த பெண் கத்தி பிடித்து உட்கார்ந்திருப்பதை மற்றவர்கள் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. போனில் கேள்வி கேட்கிறவர்களுக்கு இவர்களே பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். விண்ணப்பம் போடும்போதே, போனில் வேண்டாம், எங்கே கூப்பிட்டாலும் நேரில் வருகிறேன் என்று எழுதினாள். பல இடங்களில் அதைப் படித்துவிட்டுப் பதிலே போடவில்லை. சில இடங்களில் கூப்பிட்டார்கள். போனாள், வந்தாள். வேலூரில் லாரிக்குக் கடன் கொடுக்கும் ஒரு நிதி நிறுவனம் கடைசியில் அவளை எடுத்துக்கொண்டது. அனலிஸ்ட் என்ற பெயரெல்லாம் இல்லை. கடன் கேட்டு வருபவர்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். நாகேந்திரன் ஃபாக்டரியில் இந்த வேலையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்று செங்கம்மா ஒருநாள் சொன்னாள்.

அடுத்த வருடம் கல்பனாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அமெரிக்கக் கம்பெனிகளுக்கு அடி விழுந்ததில் அந்தச் சென்னை நிறுவனம் பாதிப் பேரை அனுப்பிவிட்டது, கல்பனாவும் அதில் ஒருத்தி. மாப்பிள்ளை அதே நகரி மாமன் மகன். போகலாமா வேண்டாமா என்று ஸ்வர்ணலதா கடைசிவரை முடிவு செய்யவில்லை. அன்று காலை பார்த்தால் புத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

மண்டபத்து வாசலிலேயே செங்கல்வராயன் அவளைப் பார்த்துவிட்டார். கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போய், மணமேடைக்குப் பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களிடம் நிறுத்தினார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

“எங்க கல்பனாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குட்த்து, மெட்ராஸ்ல வேல வாங்கிக் குட்த்ததே இந்தப் பொண்ணுதான்” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி.

மாலையும் கழுத்துமாக நின்ற கல்பனா தலையைக் குனிந்துகொண்டாள். புதுப்பெண்ணின் கூச்சம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஸ்வர்ணலதா எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்து வைத்தாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது கல்பனா வாசல்வரை வந்தாள். பின்னால் சொந்தக்காரப் பெண்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வரதராஜன் சார் கேட்டப்போ நீ எனக்காகத்தான பொய் சொன்ன?” என்று மெல்லக் கேட்டாள்.

ஸ்வர்ணலதா தலையாட்டினாள்.

“அத நான் அவருகிட்ட சொல்லியிருக்கணும். அப்புறம்கூட போய்ச் சொல்லியிருக்கலாம். தெனமும் பார்த்துகினுதான இருந்தேன் அவர. சொல்லல.”

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசுவாள் என்று ஸ்வர்ணலதா காத்திருந்து பார்த்தாள். அதற்குள் யாரோ வந்து கல்பனாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள். சித்தூர் பஸ் வர நேரமாகும் என்று ஸ்டாண்டில் சொன்னார்கள். ஸ்வர்ணலதா வெயிலில் நின்றுகொண்டு, நாளைக்குப் பார்க்க வேண்டிய லாரிக்காரர்களின் காகிதங்களை நினைத்துக்கொண்டாள். அதில் ஒருவர் வருமானம் காட்டியிருந்த விதம் சரியாகப் படவில்லை. அவரை நேரில் வரச் சொல்லிக் கேட்க வேண்டும்.